படிவத்தில் இல்லாத கட்டம்

சாலையை அகலப்படுத்த வந்த அளவைக் குழு
அயாகுச்சோவுக்குக் கீழே, ஆறு வளையும் இடத்தில்,
தெயோஃபிலா கொராவாவின் வேலியருகே வண்டியை நிறுத்தியது.
வேலி என்றால் ஆறு மரங்கள்.
தொங்கும் கிளை, சீப்புப் பல்லாய் இலை.
ஐந்தில் ரோஜா நிறத்தில் குலை குலையாய்க் காய்.
ஆறாவது
சும்மா நின்றது.

நட்டஈட்டுப் படிவம் கேட்டது ஒன்றுதான்:
பயிரா, பழமரமா, காட்டு மரமா?
பயிருக்கு ஒரு விலை, பழத்துக்கு ஒரு விலை,
காட்டு மரத்துக்குப் பூச்சியம்.

வில்பெர் சுல்கா, அளவையாளன்,
பொதுப்பெயரைப் படித்தான்: மிளகு மரம்.
மிளகென்றால் பயிர்தானே என்று
பேனா இறங்கிய நேரத்தில்
பல்கலைக்கழகத்திலிருந்து கூட வந்தவள்,
நெலிடா ஞாவ்பாரி, குறுக்கே கை நீட்டினாள்.
மிளகு இல்லை இது.
மிளகு கொடி. யாராவது தோள் கொடுத்தால்தான் ஏறும்.
இது யாரையும் பிடிக்காமல்
கல்லிலும் காற்றிலும் நிற்பது.
மாவும் முந்திரியும் பிஸ்தாவும்தான் இதற்குப் பங்காளிகள்.
உடைத்துப் பார், பால் வடியும்.

(சேங்கொட்டையும் அந்தக் குடும்பம்தான்.
அதை அவள் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன்.
எந்தக் குடும்பத்திலும்
தொட்டால் புண்ணாக்கும் ஒருவர் உண்டு.)

பேரினப் பெயரும் இரவல்.
மத்தியதரைக் கடலோரப் பிசின் மரம் ஒன்றுக்குக்
கிரேக்கர் இட்டதைக் கழற்றி
இதற்கு மாட்டிவிட்டார்கள்.
பின்னால் ஒட்டிய சிற்றினப் பெயர் மட்டும்
இந்த மண்ணின் வாய்ச்சொல்: மோல்யே.
அழைக்கும்போது திரும்பிப் பார்ப்பது அதற்குத்தான்.

மிளகைத் தேடிக் கப்பலேறியவர்கள்
நாக்கில் சுரீரென்றதற்கெல்லாம்
அந்த ஒரே பெயரை வைத்தார்கள்.
சிரிக்காதே, தமிழே.
இதே கண்டத்திலிருந்து வந்திறங்கிய ஒரு காயை
நீயும்தான் மிளகோடு முடிச்சுப் போட்டு
மிளகாய் என்றாய்.
அது கத்தரிக்குத் தங்கை.

தெயோஃபிலா இதையெல்லாம் கேட்டபடி
காயைத் தண்ணீரில் கசக்கிக்கொண்டிருந்தாள்.
தோலின் இனிப்பு இறங்க வேண்டும்,
கொட்டையின் கசப்பு இறங்கக் கூடாது,
அந்த இடைவெளியில் வடிகட்ட வேண்டும்.
மூன்று நாள் பானையில் புளித்தது
ஒரு சுரைக்குடுவை நிறைய வில்பெருக்கு வந்தது.
குடித்தான். உதட்டைத் துடைத்தான்.
பழமரம், என்று எழுதினான். எண்ணிக்கை: ஐந்து.

ஆறாவது?
காய்க்கவில்லையே.
அது ஆண், என்றாள் நெலிடா.
ஆணுக்குப் படிவத்தில் கட்டமில்லை, என்றான்.

தெயோஃபிலா வாதாடவில்லை.
ஆறாம் மரத்தில் ஓர் இலை பறித்தாள்,
கிள்ளினாள்,
வண்டியின் முகப்பில் அவன் வைத்திருந்த
தண்ணீர்க் குவளையில் போட்டாள்.
துண்டுகள் துடித்தன. பின் ஓடின.
கிள்ளிய வாயிலிருந்து பிசின் பீறிட்டுத் தள்ளத் தள்ள
ஒன்றையொன்று முட்டித் திரும்பி
குவளைக்குள் எறும்புக் கூட்டம்போல் அலைந்தன.
இது எந்தக் கட்டம், தம்பி?
கெச்சுவாவில் கேட்டாள்.
அலுவலகத்தில் அவன் பேசாத மொழி.
தெரியாதம்மா, என்று
அதே மொழியில் வாய் தானாய்ச் சொல்லிவிட்டது.

ஐந்தின் மேலேயே ஆறை எழுதினான்.
மை பரவிவிட்டது.
ஐந்தா, ஆறா, தெளிவுபடுத்துக என்று
லிமாவிலிருந்து கடிதம் வந்து எட்டு மாதம்.
சாலை இன்னும் வரவில்லை.

அடிமரங்களில் சிவப்புச் சாயத்தில் எண்கள்.
ஆறாம் எண்ணின் வளைவில்
பிசின் கசிந்து இறுகியிருக்கிறது.
மேலே, கண்ணுக்குத் தெரியாத அளவு பூ.
அதில் உட்கார்ந்த ஓர் ஈ
கால்களைத் தேய்த்துக்கொண்டு
இரண்டாம் எண்ணுக்குப் பறக்கிறது.